யூடியூப் சாரைப் பிடிக்கிறது என்பதற்காக ஓராண்டுக் கட்டணம் கட்டலாமா?

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு. யூடியூப்பில் ஒரு அறிவியல் சார் நடத்தினால்தான் புரிகிறது என்கிறாள். பள்ளியில் நடத்துவதைக் கவனிப்பதே இல்லை. இப்போது அந்த சாருடைய ஆப்பில் ஓராண்டு வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாள். இப்படிப்பட்ட ஆன்லைன் ஆசிரியர்களின் செல்வாக்கு பிள்ளைகளுக்கு நல்லதா? எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்:

ஒரு ஆசிரியரைப் பிடித்துப்போய் அதனாலேயே ஒரு பாடத்தைப் பிடித்துப்போவது காலங்காலமாக நடப்பதுதான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. அவர் நடத்துவது அவளுக்குப் பிடிக்கிறது என்பது ஒன்று. அவர் விற்பது அவளுக்குத் தேவையா என்பது வேறு. இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒட்டவைப்பதில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. நானும் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன், பாட வீடியோக்களும் எடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் உள்ளிருந்தே சொல்ல முடியும்.

இது எப்படி வளர்ந்தது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். சல்மான் கான் 2004-ல் வேறு ஊரில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு இணையம் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2006-ல் பாடங்களை யூடியூப்பில் ஏற்றினார். அதிலிருந்து பிறந்த கான் அகாடமி இன்றுவரை லாபநோக்கமற்ற நிறுவனம். அவருடைய முகம்கூட அந்த வீடியோக்களில் தெரியாது, குரலும் கரும்பலகை போன்ற திரையும் மட்டும்தான். இந்தியாவில் கதை வேறு மாதிரிப் போனது. பிரயாக்ராஜில் கோச்சிங் நடத்திக்கொண்டிருந்த அலக் பாண்டே யூடியூப்பில் இயற்பியல் நடத்தினார். வீடியோக்கள் இலவசம். நகைச்சுவை, அதட்டல், அக்கறை எல்லாம் கலந்த பேச்சு. சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிட்டார். 2020-ல் ஆப் வந்தது. 2022-ல் அவருடைய பிசிக்ஸ் வாலா 100 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள நிறுவனமாகிவிட்டது. கட்டணம் மற்றவர்களைவிடக் குறைவு என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் பணம் கட்ட வந்தவர்கள் ஆப்பைப் பார்த்து வரவில்லை, அந்த ஆளைப் பார்த்து வந்தார்கள்.

பைஜூஸ் எதிர்த் திசையில் போனது. அதைத் தொடங்கிய பைஜூ ரவீந்திரனும் அடிப்படையில் ஆசிரியர்தான், பெரிய அரங்குகளை நிரப்பி, எம்பிஏ படிப்புக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்கு வகுப்பெடுத்தவர். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆப்பை விற்க அவர் ஷாருக் கானைக் கூட்டிவந்தார், இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டார், 2022-ல் மெஸ்ஸியையும் சேர்த்தார். ஒரு கட்டத்தில் 2,200 கோடி டாலர் மதிப்பு. 2024 ஜூலையில், அதே கிரிக்கெட் வாரியத்துக்குச் செலுத்தாத சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. நடிகரை வைத்து விற்பதைவிட ஆசிரியரையே நட்சத்திரமாக்கி விற்பதுதான் நிலைக்கும் என்ற பாடத்தை மற்ற நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டன என்பது என் கணிப்பு. உங்கள் மகள் கேட்பது ஒரு ஆப்பை அல்ல, ஒரு சாரை என்பதே அதற்குச் சாட்சி.

தமிழில் பெரிய முதலீடு இல்லாமல் வளர்ந்தவர்கள்தான் அதிகம். எல்எம்இஎஸ் மாதிரி அறிவியலையும் பொறியியலையும் தமிழில் எளிமையாகச் சொல்ல வந்தவர்கள், கம்ப்யூட்டர் பாடங்களைத் தமிழில் கொண்டுவந்த குவி, அப்புறம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் 'புக் பேக்' வினாக்களை வரிசையாக நடத்திக் காட்டும் எத்தனையோ ஆசிரியர்கள். பொதுத்தேர்வுக்கு முந்தைய இரவு 'இதைப் படிச்சா போதும்' என்று தம்ப்நெயில் போட்டு லைவ் வருகிறவர்களும் இதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடங்களை வீடுகளுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். பாடங்கள் பல நன்றாகவே இருந்தன. ஆனால் அதில் நடத்திய ஆசிரியர் ஒருவரைக்கூட 'எங்க சார்' என்று பிள்ளைகள் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கமெண்டுக்குப் பதில் சொல்வது, 'நாளைக்கு எக்ஸாமா? பயப்படாதே' என்பது, இவையெல்லாம் யூடியூப்பில் உண்டு, தொலைக்காட்சியில் இல்லை.

திரையில் பார்க்கும் ஒருவரைத் தெரிந்தவராக நினைக்கும் இந்த ஒருதலை உறவைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அவர்கள் பார்த்தது தொலைக்காட்சி, வானொலி அறிவிப்பாளர்களை. குழந்தைகள் விஷயத்தில் இந்த உறவுக்குக் கல்விப் பயனும் உண்டு. இரண்டு வயதுகூட ஆகாத அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கிண்ணங்களை அளவு வாரியாக அடுக்குவதை வீடியோவில் காட்டினார்கள். தங்களுக்குப் பழக்கமான எல்மோ பொம்மை அடுக்கிக் காட்டியதைப் பார்த்தவர்கள், அறிமுகமில்லாத பொம்மையைப் பார்த்தவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். 2011-ல் வெளியான ஆய்வு அது. ஆகவே 'அந்த சார் நடத்தினா புரியுது' என்று உங்கள் மகள் சொல்வதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பிடித்தவர் சொன்னால் காது திறக்கும்.

சிக்கல் அந்தப் 'புரியுது' என்ற உணர்வில் இருக்கிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், முடிவு 2013-ல் வெளியானது. மூன்று நிறப் பூனைகள் ஏன் அநேகமாகப் பெண் பூனைகளாகவே இருக்கின்றன என்று விளக்கும் ஒரு நிமிட வீடியோ. ஒரே ஆசிரியர், ஒரே வசனம். ஒன்றில் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தடங்கலில்லாமல் பேசுகிறார். இன்னொன்றில் குனிந்து, காகிதத்தைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறார். முதலாவதைப் பார்த்த மாணவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று நம்பினார்கள். தேர்வு வைத்தபோது இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எழுதியது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டெரக் முல்லர் செய்தது. இன்று வெரிடாசியம் என்ற அறிவியல் யூடியூப் சேனலால் உலகம் முழுக்கத் தெரிந்த அதே முல்லர். சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வே இயற்பியல் வீடியோக்களைப் பற்றியதுதான். ஒரு பந்தை மேலே எறிகிறோம், அது ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் எந்த விசை செயல்படுகிறது? கையிலிருந்து கிடைத்த விசை இன்னும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைப்பார்கள். கையை விட்டபின், காற்றுத்தடையை விட்டுவிட்டால், ஈர்ப்பு விசை மட்டுமே உண்டு. சரியான விடையைத் தெளிவாக, அழகாக விளக்கும் வீடியோவை முல்லர் ஒரு குழுவுக்குக் காட்டினார். 'தெளிவாக இருந்தது, சுலபமாகப் புரிந்தது' என்றார்கள். மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. தங்கள் பழைய எண்ணம்தான் வீடியோவிலும் சொல்லப்பட்டது என்று நினைத்துக்கொண்டவர்களும் அதில் இருந்தார்கள். இன்னொரு குழுவுக்கு, ஒருவர் அந்தத் தவறான எண்ணத்தை முதலில் சொல்ல, இன்னொருவர் அதை மறுத்துப் பேசும் உரையாடலைக் காட்டினார். அது குழப்பமாக இருந்தது என்றார்கள். மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. கற்றுக்கொண்டவர்களுக்குக் குழப்பம், கற்றுக்கொள்ளாதவர்களுக்குத் திருப்தி!

இப்போது யூடியூப்பில் நடத்துகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். பிள்ளை குழம்பினால் வேறு வீடியோவுக்குத் தாவிவிடும். திருப்திப்பட்டால் கடைசிவரை இருக்கும், சப்ஸ்கிரைப் செய்யும், 'நீங்க நடத்தினா மட்டும்தான் சார் புரியுது' என்று கமெண்ட் போடும். தளம் எண்ணிச் சொல்வது பார்த்த நேரத்தையும் விருப்பக் குறியையும்தான். ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை கணக்கைப் போட்டதா என்று எந்தத் தளமும் எண்ணுவதில்லை. நல்ல ஆசிரியர்கள்கூட இந்த இழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கலான பாடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எடிட்டிங்கில் நான் முதலில் வெட்டுவது நான் நிறுத்தி யோசிக்கும் இடங்களைத்தான். வகுப்பறையில் பிள்ளை யோசிப்பது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

பள்ளியில் கவனிப்பதில்லை என்றீர்களே, அதற்கும் இதோடு தொடர்பு உண்டு. வெட்டி ஒட்டி, மேளதாளம் சேர்த்த பன்னிரண்டு நிமிடத்தோடு, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாக்பீஸோடு நிற்கும் டீச்சரை ஒப்பிட்டால் டீச்சர் தோற்கத்தான் செய்வார். ஆனால் உங்கள் மகள் முகத்தில் 'எனக்குப் புரியல' என்று எழுதியிருப்பதைப் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அக மதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவரும் அவர்தான், இது வெறும் நடைமுறைக் காரணம் என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

பிள்ளைகளைப் பிடிப்பது பிரியம் என்றால், பெற்றோரைப் பிடிப்பது பயம். ஒயிட்ஹேட் ஜூனியர் விளம்பரங்கள் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதிலேயே கோடிங் கற்று கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் உல்ஃப் குப்தா என்ற பையன். ஒரு விளம்பரத்தில் அவனுக்கு ஒன்பது வயது, இன்னொன்றில் பதின்மூன்று. சம்பளமும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறியது. அப்படி ஒரு பையனே இல்லை, கற்பனைப் பாத்திரம். 2020 அக்டோபரில், விளம்பரத் துறை தானே தன்னைக் கண்காணிக்க வைத்திருக்கும் அமைப்பான விளம்பரத் தர கவுன்சில் சொல்லி நிறுவனம் ஐந்து விளம்பரங்களைத் திரும்பப் பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பைஜூஸ் அந்த நிறுவனத்தை 30 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளை கோடிங் கற்காவிட்டால் பின்தங்கிவிடும் என்ற எண்ணம் அதற்குள் எத்தனை வீடுகளில் விழுந்திருக்கும்!

டாப்பர் படங்களும் அந்த ரகம்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐஏஎஸ் கோச்சிங் நிறுவனங்கள் பலவற்றுக்கு அபராதம் விதித்தபோது திரும்பத் திரும்ப வெளிவந்த விஷயம் ஒன்று: விளம்பரத்தில் 'எங்கள் மாணவர்' என்று போட்டிருந்த பலர் அங்கே சேர்ந்தது இலவச மாதிரி நேர்காணலுக்கு மட்டும். முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளைத் தாங்களாகவே தாண்டி வந்தவர்கள். 2024 நவம்பரில் ஆணையம் வெளியிட்ட நெறிமுறைப்படி, மாணவர் தேர்ச்சி பெற்ற பிறகு எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கித்தான் படத்தைப் போட வேண்டும், எந்தப் பாடத்தில் எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கும் சேனலின் வெற்றிப் பட்டியலில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வகைச் செல்வாக்கைப் பற்றிப் பெற்றோர் அதிகம் பேசுவதில்லை. பாடமே நடத்தாதவர்கள், ஆனால் பெற்றோராக இருந்து பெற்றோரிடம் பேசுகிறவர்கள். 'என் பொண்ணு ரெண்டே மாசத்துல இங்கிலீஷ் சரளமா வாசிக்கிறா' என்று ரீல்ஸ் போட்டு, ஃபோனிக்ஸ் வகுப்பையோ அபாகஸ் வகுப்பையோ பரிந்துரைக்கும் அம்மாக்கள், அப்பாக்கள். பணமோ இலவச வகுப்போ வாங்கியிருந்தால் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும் என்பது விளம்பரத் தர கவுன்சிலின் 2021 விதி. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இருந்தும் அந்தக் குறிப்பு பதினைந்து ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். இவர்களுடைய பிள்ளைதான் இவர்களுடைய கடையின் ஷோகேஸ் என்பதை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பணம் கட்டும் முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள், மகளுக்குத் தெரிந்தே செய்யுங்கள். அந்த சாரின் இலவச வீடியோக்களிலிருந்து அவளே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். வீடியோவைத் தொடங்குமுன் அந்தத் தலைப்பைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாள் என்று இரண்டு வரி எழுதட்டும். தப்பாக இருந்தால் ரொம்ப நல்லது, முல்லர் சொன்ன குழப்பம் அங்கேதான் பிறக்கும். நடுநடுவே நிறுத்தி, பார்த்ததைத் திரும்பச் சொல்லிப் பார்க்கட்டும். ஆன்லைன் வகுப்பின் இடையிடையே சின்னத் தேர்வு வைத்தால் கவனம் சிதறுவது குறைகிறது, நினைவில் நிற்பதும் கூடுகிறது என்பதை ஹார்வர்டில் 2013-ல் காட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் போனை எடுத்து வைத்துவிட்டு புக் பேக் கணக்குகளைப் போடட்டும். ஒரு வாரம் கழித்து, வீடியோவைத் திரும்பப் பார்க்காமல், அதே பாடத்திலிருந்து புத்தகத்தில் இல்லாத நான்கைந்து கேள்வி. அதில் தேறினால் அந்த சார் உண்மையிலேயே அவளுக்கு உதவுகிறார், இலவசமாகவே உதவுகிறார். தேறாவிட்டால், ஆப்பில் சேர்ப்பது அதே வீடியோ அனுபவத்தை விலைக்கு வாங்குவதாகத்தான் முடியும். அவளுக்குத் தேவை பயிற்சியும் சந்தேகம் தீர்க்க ஒரு ஆளும்.

இங்கேதான் விற்கும் பொருளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இலவச வீடியோவில் வருவது சார். ஆப்பில் வருவது பெரும்பாலும் 'பேட்ச்'. அதில் சார் வாரத்தில் எத்தனை வகுப்பு நேரடியாக எடுக்கிறார், எத்தனை போன வருடப் பதிவு? பேட்சில் எத்தனை பேர்? டவுட் கேட்டால் பதில் சொல்வது யார்? அநேகமாக உங்கள் மகள் பெயரே கேள்விப்படாத ஒருவர். டெஸ்ட் சீரிஸ் தமிழ்நாட்டுப் பாடநூலை ஒட்டியதா, இல்லை நீட்டை மனதில் வைத்து என்சிஇஆர்டி வரிசையில் போகிறதா? ஒன்பதாம் வகுப்பில் 'நீட் பவுண்டேஷன்' என்று சேர்த்துவிட்டு, பள்ளித் தேர்வில் பாதிப் பாடம் வேறாக இருக்கிறதே என்று திகைப்பவர்கள் உண்டு. இன்னொன்று, சாரே அந்த நிறுவனத்தை விட்டுப் போய்விடலாம். 2023-ல் பிசிக்ஸ் வாலாவின் ஆசிரியர்கள் சிலர் விலகித் தனியாகத் தொடங்கியது வட இந்தியாவில் பெரிய செய்தியானது. பிள்ளை சாரை நம்பிச் சேர்கிறது, ஒப்பந்தமோ நிறுவனத்தோடு.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 2024 'அசர்' ஆய்வில், கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அவர்களில், முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 76 சதவீதம். இரண்டும் ஒரே கருவியில் நடக்கிறது. யூடியூப்பில் சாருக்கு அடுத்த விரல் அசைவில் ஷார்ட்ஸ் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கட்டண ஆப் மேல் என்று சொல்லலாம், அதில் பாடத்தைத் தவிர வேறு இல்லை. டிவியில் போட்டுப் பார்க்க முடிந்தால் அந்தச் செலவும் மிச்சம்.

மகளிடம் 'அவர் வியாபாரி' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்குப் பிடித்த மனிதரைத் திட்டினால் அவள் அவர் பக்கம்தான் நிற்பாள். ஒரு வீடியோவைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். பாடம் எங்கே முடிந்தது, பேட்ச் பற்றிய பேச்சு எங்கே தொடங்கியது என்று அவளையே கேளுங்கள். பதினாலு வயதுக்கு இது நன்றாகவே தெரியும், நாம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சோதனையில் தேறி, டவுட் கேட்கும் வசதிக்காகவோ தேர்வுகளுக்காகவோ சேர்ப்பதென்றே முடிவெடுத்தால், மாதக் கட்டணம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டுச் சலுகை 'இன்று இரவு பன்னிரண்டு மணிவரை மட்டும்' என்றால் அடுத்த வாரமும் இருக்கும். போனில் பேசும் 'கவுன்சிலர்' விற்பனைப் பிரிவு ஆள், கல்வி ஆலோசகர் அல்ல. 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு எச்சரிக்கை வெளியிட்டது: தானாகப் பணம் எடுக்கும் வசதிக்குச் சம்மதிக்காதீர்கள், நிபந்தனைகளைப் படியுங்கள், பிள்ளையின் விவரங்களை அள்ளிக் கொடுக்காதீர்கள் என்று. ஈஎம்ஐ என்று சொன்னால் அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது. பணத்தைத் திருப்பித் தரும் விதியை ஆளிடம் கேட்காமல் ஆப்பிலேயே படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் கொடுக்கும்போது கட்டிய ரசீதும் அந்த எழுத்தும்தான் கையில் வேண்டும்.